தொண்ணூற்றாறு பேருக்குக் கருத்து இல்லை

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் குண்டூசியாகவேதான் திரிகிறாயா? போன தடவை அனுப்பிய புகைப்படத்தில் சட்டை மட்டும்தான் தெரிந்தது. உள்ளே ஆளைக் காணோம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் கணக்கெடுப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். தோளில் பை, கையில் பெரிய கறுப்புக் குடை. நூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் ஐந்து நாளில் முடித்தாள், ஒன்றைக்கூட விடவில்லை. வீட்டுக்கு ஒருவர்தான் பதில் சொல்லலாமாம், அதுவும் சீட்டுக் குலுக்கி யார் வருகிறார்களோ அவர்தான். எதிர்வீட்டு வெல்டருக்கு வராமல் அவர் மாமியாருக்கு வந்துவிட்டது. "முப்பது வருஷமா கருத்து வெச்சிருக்கேன், இன்னிக்குத்தான் கேக்க ஆள் வந்துச்சு, அதுவும் இந்தம்மாவுக்குப் போயிருச்சே" என்று அவர் தெருவில் நின்று கத்தினார்.

பதினாலாவது கேள்வியைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. "உங்கள் பகுதிக்கு எது முக்கியம்? வேலைவாய்ப்பா, சுத்தமான காற்றும் தண்ணீருமா?" இதில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமாம். ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார்கள்: ரெண்டும் வேணும். அந்தப் பெண் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தாளாம்.

எங்கள் வீட்டில் சீட்டு உன் அத்தானுக்கு விழுந்தது. நான் அந்த நேரம் கடைவீதிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து, என்ன சொன்னீங்க என்று கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன்" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்! முலாம் பூசும் ஆலையின் கழிவுநீர்த் தொட்டியைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொள்கிற மனிதருக்குத் தெரியாதா, என்ன நல்லா இருக்கிறது என்று? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் காலியிடத்தில் ஆலைக்கு இரண்டாவது பிரிவு கட்டப்போவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் யாரோ ஒருவர் வந்து எங்களைக் கேட்டார்களே, அதுவே பெரிய ஆறுதல். எங்கள் தெருக் காகிதம் உன் கைக்கு வந்தால் நன்றாகப் பார், தம்பி.

உடம்பைக் கவனி.

அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானையும் சிட்டுவையும் கேட்டதாகச் சொல். நான் சாப்பிடுகிறேன், சதைதான் பிடிக்க மறுக்கிறது.

நீ சொன்ன குடைக்காரப் பெண்ணை எனக்குத் தெரியும். இங்கே அவள் படிவத்தைக் கண்டாலே எல்லோரும் முகம் சுளிப்பார்கள், ஓரமெல்லாம் எழுதித் தள்ளியிருப்பாள் என்று.

என் வேலை என்னவென்று நீ எப்போதும் கேட்பாய், நான் மழுப்புவேன். இப்போது சொல்கிறேன். சாக்குச் சாக்காகப் படிவங்கள் வரும். நீள மேசையில் பதினாறு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் சிவப்பு மையால் ஓர் எண் போட வேண்டும். எந்தப் பதிலுக்கு எந்த எண் என்று பச்சை அட்டை போட்ட விதிப்புத்தகம் ஒன்று இருக்கிறது. எங்கள் மேலதிகாரி அதைக் கையை விட்டுக் கீழே வைக்கமாட்டார் என்பதால் அவருக்கே பச்சைப்புத்தகம் என்று பெயர்.

யார் என்ன சொன்னார்கள் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் அதிகம் கேட்காதே. ஆனாலும் உங்கள் தெருக் கட்டு வரும்போது அதை எனக்கே கொடுக்கும்படி கேட்டுப் பார்க்கிறேன்.

சிட்டு வழக்கமாகக் கடிதத்தின் அடியில் ஒரு படம் போடுவாளே, இந்த முறை ஏன் இல்லை? போன தடவை வந்த மூன்று கால் பூனை இன்னும் என் சுவரில் இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். சிட்டுவுக்கு ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்தில் எழுதி எழுதிக் கை வலிக்கிறதாம், அதனால் படம் இல்லை. பூனைக்கு நாலாவது கால் பிறகு வரும் என்று சொல்லச் சொன்னாள்.

எனக்குத்தான் தலைவலி. பள்ளிக்கூடத்துக்கு நாற்பது வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். தலைமையாசிரியை முப்பத்தொன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். "பழைய துணில தெச்சிருக்கீங்க, மஞ்ச பூத்திருக்கு" என்கிறார். புதுத் துணி, தம்பி! கடையில் நானே கிழித்து வாங்கியது. தைப்பதற்கு முன்னால் அடிகுழாய்த் தண்ணீரில் நனைத்து ஒரு நாள் கொடியில் போட்டேன், அவ்வளவுதான். அந்த நாள் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

மழை பெய்தால் இங்கே என்ன ஆகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஓடை மஞ்சளாக ஓடும். கரையில் இருக்கும் அடிகுழாயில் பல் கூசும் தண்ணீர் வரும். உன் அத்தானுக்கு விடுமுறை நாளாக இருந்தாலும் ஆலையிலிருந்து ஆள் வந்து கூப்பிடும். போவார், இரண்டு மணி நேரத்தில் திரும்புவார், சோப்புப் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். "மழைக்கும் உங்க தொட்டிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டால், "உனக்கெதுக்கு அதெல்லாம்" என்பார். அந்தக் குடைக்காரப் பெண் வந்து போனதிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. ஊரே ஒரு வார்த்தை சொன்னபோது இவர் மட்டும் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கிறாரே என்று எனக்கு ஆறவில்லை.

எங்கள் கட்டு வந்ததா?

அக்கா

*

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம். இங்கே மின்விசிறி இரண்டு பழுது, வியர்வையில் சிவப்பு மை பரவுகிறது. நான் நலம்.

கட்டு வந்தது. அதைப் பற்றி எழுத முடியாது.

இத்துடன் ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். சிட்டுவின் கையைச் சுத்தமான தண்ணீரில், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில், கழுவித் துடைத்துவிட்டுத் தோல் உரிகிற இடத்தில் மட்டும் தடவு. அடிகுழாய்ப் பக்கம் விடவே விடாதே.

இன்னொன்று. அத்தானிடம் கொஞ்சம் கனிவாகப் பேசு, அக்கா. ஏன் என்று கேட்காதே.

தம்பி

*

மே 9

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டேன், கணக்குக்கு. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சிட்டுவின் கையில் தோல் உரிகிறது என்று உனக்கு யார் சொன்னது? நான் எழுதவில்லை. நான் எழுதிய கடிதங்களுக்குப் பிரதியா வைத்திருக்கிறேன், ஆனால் எனக்கு நன்றாகத் தெரியும், நான் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. தனியாகக் கிடக்கிறாய், நீயும் கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று மறைத்தேன். நவம்பரிலிருந்து இப்படி இருக்கிறது. விரல் இடுக்கில் முதலில் சிவந்தது, பிறகு வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது. அந்தப் பெண் கணக்கெடுக்க வந்த அன்று நான் கடைவீதிக்குப் போகவில்லை. சிட்டுவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். மருத்துவர் என்ன கேட்டார் தெரியுமா? "சோப்பு மாத்தினீங்களா?" அவருடைய குடியிருப்பும் ஆலை கொடுத்ததுதான், அவரும் என்ன செய்வார்.

உன் அத்தான் உனக்குத் தனியாக எழுதினாரா? நேராகவே கேட்டேன். "நான் யாருக்கும் எழுதலை" என்றார். அவர் பொய் சொன்னால் காது மடல் துடிக்கும். துடிக்கவில்லை.

அப்படியென்றால் உனக்கு எப்படித் தெரியும்? களிம்பு நன்றாகக் கேட்கிறது. அதற்காக உன்னைச் சும்மா விடுவேன் என்று நினைக்காதே.

அக்கா

*

ஜூன் 17

தம்பிக்கு,

நீ பதில் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

இத்துடன் செய்தித்தாளில் வெட்டியது ஒன்று வைத்திருக்கிறேன். நீ பார்த்திருப்பாய், உன் வீட்டுச் சமையல்தானே. "தொழில் நகர மக்களுக்குச் சுற்றுச்சூழலைப் பற்றிக் கருத்து இல்லை: ஆய்வு." அதற்குக் கீழே நம் ஊரின் கணக்கு. எங்கள் தெருவில் நூற்றுப் பன்னிரண்டு பேரில் வேலை என்றவர்கள் பதினொருவர், காற்று தண்ணீர் என்றவர்கள் ஐந்து பேர், கருத்து இல்லாதவர்கள் தொண்ணூற்றாறு பேர்! பக்கத்திலேயே ஒரு பேராசிரியர் விளக்கம் வேறு சொல்கிறார், வயிறு நிறைந்த பிறகுதான் இதிலெல்லாம் மக்களுக்கு அக்கறை வருமாம். அவர் வந்து எங்கள் அடிகுழாயில் ஒரு சொம்பு குடித்துவிட்டு வயிறு நிறைந்ததா என்று சொல்லட்டும்.

கருத்து இல்லையாமே! அந்தப் பெண் பென்சிலைச் சீவிச் சீவி எழுதினாளே, அது என்ன? வெல்டரின் மாமியார் அவளை ஒரு மணி நேரம் விடாமல் உட்கார வைத்துப் பேசினாரே, அந்தப் பேச்சு எங்கே போனது? ரெண்டும் வேணும் என்று சொன்னால் ஒன்றும் வேண்டாம் என்று அர்த்தமா? எந்த ஊர் நியாயம் இது?

இன்னும் கேள். அந்தச் செய்தியைப் பெரிதாக்கி ஆலை வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது பிரிவுக்கான விண்ணப்பத்தோடும் சேர்த்திருக்கிறார்களாம், மக்களுக்கு மறுப்பில்லை என்பதற்குச் சான்றாக. வேலிக்கு ஓணான் சாட்சி! ஜூலை 28, காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஏற்கெனவே கருத்தே இல்லாத ஜனங்களிடம் என்னத்தைக் கேட்கப்போகிறார்கள்? அன்று யாரும் எழுந்து பேசவில்லை என்றால் மறுநாளே அஸ்திவாரம் தோண்டுவார்கள். எங்கள் ஆட்களோ, "சொன்னதத்தான் காத்துல விட்டுட்டாங்களே, இன்னொரு தடவ எதுக்கு வாயக் குடுக்கணும்" என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். எங்கள் தெருவுக்கு அந்த எண்ணைப் போட்டது யார்?

அக்கா

*

ஜூன் 25

அக்கா,

நான்தான்.

கட்டு வந்ததும் நானே கேட்டு வாங்கினேன். என் ஊர், என் அக்காவின் தெரு, வேறு யாராவது அலட்சியமாகப் போட்டுவிடக் கூடாது என்று. முதல் படிவத்திலேயே ஓரத்தில் ரெண்டும் வேணும் என்று இருந்தது. விதிப்புத்தகத்தில் வேலைக்கு 1, காற்று தண்ணீருக்கு 2, கருத்து இல்லை என்பதற்கு 8. எழுந்து போய்க் கேட்டேன்.

"சார், ரெண்டும்னு சொல்லியிருக்காங்க."

"ரெண்டும்கிறதுக்கு எண் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப எட்டு."

"எட்டுன்னா கருத்து இல்லைன்னு ஆயிரும் சார்."

பச்சைப்புத்தகம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எண் இல்லாத கருத்து கருத்தே இல்ல, தம்பி. அடுத்ததப் பாருங்க."

அடுத்ததைப் பார்த்தேன். ஒரே மதியத்தில் தொண்ணூற்றாறு எட்டு போட்டேன். வேகமாக முடித்ததற்கு மேசையில் எல்லோர் முன்னாலும் பாராட்டு வேறு கிடைத்தது. நானும் சிரித்தேன், அக்கா. பொய் சொல்லி என்ன, சிரித்தேன். பதினாறு பேரில் ஒருவன், நான் போடாவிட்டால் பக்கத்தில் இருப்பவன் போடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது செய்தித்தாளில் வரும், வாசலில் தொங்கும் என்றெல்லாம் யோசிக்கவே இல்லை.

சிட்டுவின் கை எப்படித் தெரியும் என்று கேட்டாய். பெயர் இல்லாத படிவம் அது. ஆனால் வீட்டில் மூன்று பேர், ஒருவர் தைப்பவர், மகளுக்கு ஏழு வயது என்று இருந்தால் எனக்குத் தெரியாதா? அதற்கும் 8 போட்டேன். ஓரத்தில் இருந்ததைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதே. கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

எண்கள் ஏறிவிட்டதால் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் படிவங்களைக் கூழாக்க அனுப்பிவிடுவார்கள்.

உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. மன்னித்துவிடு.

தம்பி

*

ஜூலை 1

தம்பி,

நலமெல்லாம் விசாரிக்கப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய், பாராட்டு வாங்கிய ஆள்.

கடிதத்தைப் படித்துவிட்டுத் தையல் இயந்திரத்தை மிதித்தேன், ஊசி இரண்டு உடைந்தது. உன்னைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். எவனோ ஒருவன் எங்கள் வாயைப் பொத்தினான் என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நீ பொத்தியிருக்கிறாய். படித்து, புரிந்து, பிறகு பொத்தியிருக்கிறாய். அதுதான் தாங்கவில்லை.

உன் மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பொத்தானா தைக்க முடியும்? ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறதே, அது எங்களுடையது. கூழாக்குவதற்கு முன்னால் அதை எடுத்துக் கொடு. எப்படி எடுப்பாய் என்று எனக்குத் தெரியாது, கெட்டிக்காரன்தானே நீ. இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் வேண்டும்.

அக்கா

*

ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன்: சுகமா? சிட்டுவின் கை எப்படி இருக்கிறது?

இந்த உறையில் தொண்ணூற்றாறு சீட்டு இருக்கிறது. ஒரு சீட்டில் ஒருவர் சொன்னது. ஒன்பது நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண் எழுதியதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்தேன். பெயர், வயது, வீட்டு எண் எதுவும் இல்லை. சீட்டுகளைக் கலைத்தும் போட்டுவிட்டேன். அதனால் என் வாக்கை மீறவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். சொன்னவருக்கு மட்டும்தான் அது தன் வார்த்தை என்று தெரியும். எழுந்து நிற்பதும் உட்கார்ந்திருப்பதும் அவரவர் இஷ்டம்.

ஆறாம் நாள் பச்சைப்புத்தகம் என் பின்னால் வந்து நின்றார். "என்ன எழுதறீங்க?" "ஓரத்துல இருக்கறத, சார்." ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். இன்னொன்றையும் எடுத்துப் படித்தார். "சாப்பாட்டு நேரம் ரெண்டு மணி வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். மறுநாள் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் என் மேசையில் இருந்தது, அவர் கையெழுத்தோடு. போகட்டும், நானும் ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீளமாக. எந்த எண்ணிலும் அடங்காதபடி.

எல்லாவற்றையும் தனியாக உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

தம்பி

*

ஆகஸ்ட் 2

அன்புத் தம்பிக்கு,

சிட்டுவின் கை தேறி வருகிறது. உன் சீட்டுக்கட்டு கிடைத்தது. கூட்டம் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் முடிந்தது.

நீ சொன்னபடி தனியாகத்தான் படித்தேன். நாற்பத்தோராவது சீட்டில் நின்றுவிட்டேன். எந்தச் சீட்டு என்று உனக்குத் தெரியும். மனப்பாடமாகிவிட்டது, ஆனாலும் எழுதுகிறேன்:

"மழை பேஞ்சா வால்வைத் திறந்து விடறது நான்தாம்மா. மழைத் தண்ணியோட போயிரும், யாருக்கும் தெரியாதுன்னு திறக்கச் சொல்றாங்க, திறக்கறேன். எம் பொண்ணுக்குக் கையில தோல் உரியுது. ஏன்னு வீட்டுல கேக்கறா. சொல்ல வாய் வரலை. வேலையும் வேணும், புள்ள கையும் வேணும். எழுதிக்கங்க."

ஆறு மாதமாக அந்த மனிதரை நான் முறைத்துக்கொண்டிருந்தேன், தம்பி. சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டேனே தவிர, எதிரே உட்காரவில்லை. கட்டிய மனைவியிடம் சொல்ல முடியாததைக் குடை வைத்திருந்த ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். நீ அதைப் படித்துவிட்டு எட்டு போட்டாய். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. வால்வைத் திறந்தவர்மேலா, திறக்கச் சொன்னவர்கள்மேலா, கேட்டுக் கேட்டு அவர் வாயை அடைத்த என்மேலா?

அந்தச் சீட்டை மட்டும் எடுத்து ஊசிப்பெட்டியில் வைத்துவிட்டேன். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். எடுத்ததாக அவரிடம் மூச்சுவிடவில்லை.

கூட்டத்துக்கு முந்நூறு பேர் வந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்கத்தான். மேடையில் விசாரணை அதிகாரி, பக்கத்தில் குறிப்பெடுக்கும் எழுத்தர். ஆலையின் மேலாளர் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு படம் காட்டினார், பச்சைப் பசேலென்று மரமாக வரைந்திருந்தது. கடைசியில் உன் கணக்கைக் காட்டினார். "இந்தப் பகுதி மக்களில் பெரும்பாலானோருக்குக் கருத்து இல்லை" என்றார். உன் அத்தானும் இன்னும் இருபது பேரும் ஆலைச் சீருடையில் பின்வரிசையில் நிறுத்தப்பட்டிருந்தார்கள், கைதட்டுவதற்காக.

நான் எழுந்தேன். "கருத்து இல்லைன்னு சொன்னீங்களே, அந்தத் தொண்ணூத்தாறு பேர் சொன்னது எங்கையில இருக்கு. படிக்கிறேன், கேளுங்க" என்றேன். அங்கேதான் தப்புச் செய்தேன். கையில் இருந்தது தொண்ணூற்றைந்து.

முதல் சீட்டு: "மாப்பிள்ளைக்கு வேலையும் வேணும், எனக்கு மூச்சும் வேணும். இதுல எத விடட்டும்?" பிறகு வெல்டரின் மாமியார் தடியை ஊன்றி எழுந்தார். "அது நான் சொன்னது." ஆலை ஆள் ஒருவன் நோட்டில் குறித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதிக்க, மெதுவாவே சொல்றேன்" என்றார். கூடமே சிரித்தது, பயம் கொஞ்சம் விட்டது. அடுத்து, "வலது கால் வேணுமா இடது கால் வேணுமான்னு கேட்டா எதச் சொல்றது?" அதற்கு முடிதிருத்துகிறவர் எழுந்தார். அடுத்த சீட்டு: "வேலை குடுத்தாங்க, நல்லதுதான். குடிக்கிற மாதிரி தண்ணியும் விடச் சொல்லுங்க." இதற்கு ரொட்டிக்கடைக்காரர். இன்னொன்று: "ஓடையில முன்னாடி தவளை கத்தும். நாலு வருஷமா கத்தலை. அத எழுதிக்கம்மா." அதற்குப் பள்ளிக்கூடத்தில் மணியடிப்பவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். தன் வார்த்தையைத் தானே கேட்டால் மனிதனுக்கு முதுகு நிமிர்கிறது, தம்பி. உட்கார்ந்தே இருந்தவர்களும் உண்டு, ஒரு பதினைந்து பேர். அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

ஒன்றே கால் மணி நேரம் படித்தேன். முடித்து உட்காரப்போனேன். எழுத்தர் அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி, "தொண்ணூத்தாறுன்னு சொன்னீங்க. இங்க தொண்ணூத்தஞ்சுதான் வருது. ஒண்ணு எங்கம்மா?" என்று கேட்டார். மேலாளர் குபீரென்று சிரித்தார். "இதுலயே கணக்கு இடிக்குதே சார், மத்ததெல்லாம் எப்படி நம்பறது?"

தொலைந்துவிட்டது என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அது என்னோடதுங்க."

பின்வரிசையிலிருந்து, சீருடையோடு, உன் அத்தான்.

"சீட்டு வேண்டாம். நானே சொல்றேன்" என்று தொடங்கி, சொன்னார். எந்த வால்வு, எந்தக் குழாய், பத்து வருடத்தில் யார் யார் திறக்கச் சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பத்து வருடத்தில் வீட்டில் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. கடைசியில், "ஆலைய மூடுங்கன்னு நான் சொல்லலை. அங்க நானூறு பேர் சாப்பிடறோம். சுண்ணாம்பு போட்டுத் தெளிய வெச்சு விடத் தொட்டி இருக்கு, ஆள் இருக்கு. நேரம் ஆகும்கிறதுக்காக எங்க தலையில ஊத்தாதீங்கன்னுதான் சொல்றேன்" என்று முடித்தார். மேலாளரின் குச்சி கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்க ஒருவரும் குனியவில்லை.

வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் அத எடுத்து வெச்ச?" நான், "ஏன் எங்கிட்டச் சொல்லலை?" என்றேன். சிட்டு நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டாவது பிரிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தொட்டியைச் சோதிக்க ஆள் வருமாம், தேதி சொல்லவில்லை. உன் அத்தானை மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதற்கு மட்டும் தேதி உடனே கிடைத்தது. இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிறார். கோணல் மாணலாகத்தான் வெட்டுகிறார்.

கதை இத்தோடு முடிந்தது என்று நினைக்காதே. இன்று காலை மழை பெய்தது. பத்து வருடத்தில் முதல் தடவையாக மழை நேரத்தில் அவர் வீட்டில் இருந்தார். இரண்டு பேரும் வாசலில் நின்று ஓடையைப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் மஞ்சளாக வந்தது. வால்வுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்!

"கூசாம திறந்து விடறானுங்களே" என்று அவர் கத்திய கத்தலில் தெருவே வெளியே வந்துவிட்டது. அறுபது எழுபது பேர் குடையும் பாட்டிலுமாக ஓடைக்கரைக்குப் போனோம். அவர் குழாய் வாயைக் காட்டினார், மணி பார்த்தார், எல்லோரும் பாட்டிலில் பிடித்தார்கள். திருப்பி அனுப்பினார்களே முப்பத்தொரு சட்டை, அதற்கு வைத்திருந்த மிச்சத் துணியை நான் ஓடையில் முக்கி எடுத்தேன். இனி ஒவ்வொரு மழைக்கும் முக்குவோம். தேதியும் நேரமும் துணியிலேயே தைத்து, அந்த அதிகாரிக்கு ஒன்று, செய்தித்தாளுக்கு ஒன்று, அந்தப் பேராசிரியருக்கு ஒன்று.

உனக்கும் ஒன்று இந்த உறையில் இருக்கிறது. காய்ந்துவிட்டது, தொட்டால் கையைக் கழுவிக்கொள். அதைக் கொண்டுபோய்ப் பச்சைப்புத்தகத்தின் மேசையில் வைத்து, இதற்கு என்ன எண் என்று கேள். அவர் எட்டு என்று சொன்னால், இந்தத் தடவை பேனாவைத் தொடாதே.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்ததும் எழுதுகிறேன். அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

அடியில் இருப்பது பூனையின் நாலாவது கால். தனியாக ஒட்டிக்கொள்ளச் சொன்னாள்.